யார் இந்த ‘கரி’? மாருதி 800 கியர் பெட்டியை வைத்து ரேஸ் டிரைவர்களை உருவாக்கிய கோவைக்காரர்

2005-ல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் ஃபார்முலா ஒன் காரில் ஏறினார். இந்தியாவிலிருந்து அந்த உயரத்துக்குப் போன முதல் டிரைவர் அவர்தான். ஆனால் அவர் ரேஸ் பழகிய ஆரம்பகாலக் கார் எது தெரியுமா? நம்ம ஊர் ரோட்டில் ஓடிய அதே மாருதி 800-ன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் வைத்துக் கட்டிய ஒற்றை சீட் கார். பெயர் ஃபார்முலா மாருதி.

அந்தக் காரை உருவாக்கியவர் கோயம்புத்தூர் சுந்தரம் கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் ‘கரி’ என்றால்தான் தெரியும். நரேன் ஃபார்முலா ஒன் போனதைப் பார்க்க அவர் இல்லை. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1995-ல், 41 வயதில் இறந்துவிட்டார்.

மாருதி 800-ன் சக்தி சுமார் 40 குதிரைத்திறன். கியர் வெறும் நாலு. இதை வைத்து என்ன ரேஸ் ஓட்ட முடியும் என்று கேட்கத் தோன்றும். கரியின் வாழ்க்கையைச் சொன்னால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். கூடவே கியரைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

மில் வீட்டுப் பிள்ளை

கரிவரதன் பிறந்தது 1954-ல். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். 1910-ல் ஜி.குப்புசாமி நாயுடு தொடங்கிய அந்த மில், இன்றைக்கும் அவிநாசி ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்புக்கே பெயராக நிற்கிறது. வசதிக்குக் குறைவில்லாத வீடு.

கோவை வேறு மாதிரியான ஊர். பஞ்சாலை மெஷின் ரிப்பேரில் ஆரம்பித்து மோட்டார், பம்ப்செட், வார்ப்பட ஆலை என்று வளர்ந்தது. ஒரு உதிரி பாகம் கிடைக்கவில்லை என்றால் வெளியூருக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க மாட்டார்கள். பக்கத்துப் பட்டறையில் கொடுத்து லேத்தில் கடைந்துவிடுவார்கள். கரி வளர்ந்தது இந்தச் சூழலில். பிற்காலத்தில் அவர் கார் கட்டிய விதத்தில் மில் முதலாளி வீட்டுத் தோரணையைவிட இந்தப் பட்டறைப் பழக்கம்தான் அதிகம் தெரிகிறது.

சோழவரத்தில் நடந்தது என்ன?

அன்றைக்குத் தமிழ்நாட்டில் கார் ரேஸ் என்றால் சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷாவருஷம் பந்தயம் நடத்தியது. கூட்டம் அலைமோதும்.

ஓடும் கார்களில்தான் பெரிய வித்தியாசம். ஒரு பக்கம் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு ஆகியவற்றைக் கழற்றி, குறைத்து, மாற்றிக் கட்டிய வண்டிகள். இன்னொரு பக்கம் வெளிநாட்டிலிருந்து இறக்கிய ரேஸ் கார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார். இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடும் வரியும் இருந்த காலம். அதையும் தாண்டிக் கார் கொண்டுவர யாரால் முடியும்? ராஜா வீட்டுக்காரர்களும் பெரும் தொழிலதிபர்களும்தான்.

அந்தப் பந்தயங்களில் கரியும் ஓட்டினார். ஓட்டியதோடு நிற்காமல் கார்களைக் கட்டவும் செய்தார். கோவையில் ‘சூப்பர் ஸ்பீட்ஸ்’ என்று தனியாக ஒரு நிறுவனமே வைத்திருந்தார்.

இந்த நிலைமையில் ஒரு சிக்கல் உண்டு. பத்துக் கார் ஓடினால் பத்தும் பத்து விதம். ஜெயித்தது டிரைவரின் திறமையா, காரின் விலையா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. திறமை இருக்கிற ஒரு பையன் எங்கே போய்ப் பழகுவான் என்பதற்கும் பதில் இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது

அதுவரை இந்தியர்கள் அதிகம் ஓட்டிய அம்பாசடரிலும் பத்மினியிலும் கியர் லிவர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும். ‘ஹேண்ட் கியர்’ என்போம். நீளமான கம்பிகள் வழியாகக் கியர் பெட்டிக்குப் போகிற அமைப்பு அது. கையில் ஒரு தொளதொளப்பு எப்போதும் இருக்கும். முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது. அதாவது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் ‘கர்ர்’ என்று பல் உரசும். வண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் பழைய லாரி டிரைவர் மாதிரி டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும்.

மாருதியில் எல்லாமே மாறியது. 796 சிசி, மூணு சிலிண்டர், எடை 650 கிலோ அளவுதான். தரையிலிருந்து வரும் சின்ன கியர் லிவர். முன்னோக்கிப் போகும் நாலு கியருக்கும் சிங்க்ரோ. எஞ்சின், கியர் பெட்டி, டிஃப்ரென்ஷியல் மூன்றும் ஒரே மூட்டையாக முன்பக்கம் உட்கார்ந்திருந்தன. உதிரி பாகம் எல்லா ஊரிலும் கிடைத்தது. விலையும் கட்டுப்படியானது.

கரி பிடித்தது இந்த மூட்டையைத்தான். முன்பக்கம் இருந்த எஞ்சினையும் கியர் பெட்டியையும் அப்படியே எடுத்து டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், முன் சக்கரத்தை இழுத்த அதே அமைப்பு இப்போது பின் சக்கரத்தைத் தள்ளும். இரும்புக் குழாய்களில் சட்டம், மேலே லேசான உடல், வெளியே துருத்திக்கொண்டு நாலு சக்கரம். 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி இப்படித்தான் வந்தது.

இந்த யோசனைக்கு உலகத்தில் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பாகங்களை வைத்து ‘ஃபார்முலா வீ’ வந்தது. இங்கிலாந்தில் 1967-ல் ஃபோர்டு எஞ்சினோடு ‘ஃபார்முலா ஃபோர்டு’ வந்தது. சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கார் பாகம், எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஓட்டத் தெரிந்தவன் ஜெயிக்கட்டும் என்கிற அடிப்படைதான் மூன்றிலும். அதை இந்தியாவில், இந்திய பாகத்தில் சாத்தியமாக்கியவர் கரி.

சில இடங்களில் இதை ‘ஏழைகளின் ரேஸ்’ என்கிற தொனியில் சொல்வதுண்டு. அது கொஞ்சம் ஓவர். டயர், பெட்ரோல், மெக்கானிக் என்று ரேஸ் எப்போதுமே காசு கேட்கிற விளையாட்டுதான். ஆனால் கோடீஸ்வரராக இருந்தால்தான் உள்ளே வரலாம் என்கிற கதவு அன்றைக்குத் திறந்தது. அது உண்மை.

கியர் என்ன செய்கிறது? தொப்பூரில் பாருங்க

இப்போது ‘நாலு கியர், 40 குதிரைத்திறன்’ கேள்விக்கு வருவோம். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப ஈஸி. தொப்பூர் கணவாய் இருக்கிறதே!

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ஏறும்போது டாப் கியரிலேயே மிதித்தால் வண்டி திணறும். கீழ் கியருக்கு இறக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி இழுக்கும். எஞ்சின் மாறவில்லை, பெட்ரோல் மாறவில்லை. அப்புறம் இழுவை எங்கிருந்து வந்தது?

பல் சக்கரக் கணக்கிலிருந்து. நாலு கியர் சின்னக் கார்களில் முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 15 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். டாப் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 4 சுற்று சுற்றினாலே சக்கரம் ஒரு சுற்று. சுற்று எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்கு முறுக்கு விசை பெருகிச் சக்கரத்துக்குப் போகும். பதிலுக்கு வேகம் குறையும். இரண்டும் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காது.

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும்போது வரும் அந்த ‘ஃபீல்’ பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கியர் விகிதம் குட்டையாக இருந்தால் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் வண்டி துள்ளும். ஆனால் சீக்கிரம் கியர் மாத்தணும், ஹைவேயில் எஞ்சின் அலறும். நீளமாக இருந்தால் 100-ல் நிம்மதியாகப் போகும். ஓவர்டேக்குக்கு மிதித்தால் யோசிக்கும். ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு கார்களில் ஒன்று சுறுசுறுப்பாகவும் இன்னொன்று மந்தமாகவும் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுவும் எடையும்தான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் நடுவே உள்ள இடைவெளி.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டாவது கியர் விகிதம் 2.1, மூன்றாவது 1.4. இரண்டாவதில் எஞ்சினை 6,000 சுற்று வரை இழுத்து மூன்றாவதுக்கு மாற்றினால் சுற்று 4,000-க்கு விழும். சின்ன எஞ்சினுக்கு அங்கே தம் குறைவு. வண்டி ஒரு நொடி மூச்சு வாங்கும். இதே மூன்றாவது கியர் 1.7 ஆக இருந்தால் 4,850-க்குத்தான் விழும், இழுவை அறுபடாது. இதைத்தான் ‘க்ளோஸ் ரேஷியோ’ கியர் பெட்டி என்கிறார்கள். அசல் ரேஸ் கார்களில் ட்ராக்குக்குத் தகுந்த மாதிரி பல் சக்கரங்களையே கழற்றி மாற்றுவார்கள். சந்தைக்கு வந்த குடும்பக் காரின் கியர் பெட்டிக்கு அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. நாலு கியருக்குள் வீட்டு வாசலில் இருந்து ஹைவே வரை எல்லாம் அடங்க வேண்டும். அதனால் இடைவெளி பெரிதாகத்தான் இருக்கும்.

குறைதான் வாத்தியார்

ஃபார்முலா மாருதி ஓட்டியவனுக்கு இந்தப் பெரிய இடைவெளிதான் பாடம் எடுத்தது என்பது என் கணிப்பு.

ஒரு வளைவு வருகிறது. இரண்டாவது கியரா, மூன்றாவதா? இரண்டாவதில் போனால் வெளியே வரும்போது நல்லா இழுக்கும். ஆனால் வளைவு முடிவதற்குள் எஞ்சின் உச்சத்துக்குப் போய், கார் இன்னும் சாய்ந்திருக்கும்போதே கியர் மாற்ற வேண்டி வரும். மூன்றாவதில் போனால் கை சும்மா இருக்கும். ஆனால் உள்ளே நுழையும்போதே வேகத்தை விட்டிருந்தால் வெளியே வர எஞ்சின் திணறும். 400 குதிரைத்திறன் இருந்தால் தப்பான கியரிலும் மிதித்துச் சமாளித்துவிடலாம். 40-ல் முடியாது. கையிலிருக்கும் வேகத்தை வீணாக்காமல் வளைவுக்குள் கொண்டுபோகத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாதவன் அடுத்த நேர்ரோடு முழுக்க அதற்கு விலை கொடுப்பான், பக்கத்தில் அதே கார், அதே கியர் பெட்டியோடு இன்னொருவன் தாண்டிப் போவான். சாக்கு சொல்ல வழியில்லை.

கியர் இறக்குவதும் அப்படித்தான். பிரேக் பிடித்துக்கொண்டே நாலிலிருந்து இரண்டுக்கு வரும்போது, கிளட்சை விடுவதற்கு முன் எஞ்சின் சுற்றைக் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் பின் சக்கரங்களைப் பிடித்து இழுக்கும், பின்பக்கம் உதறி வண்டி திரும்பிவிடும். வலது காலின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, அதே காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவது இதற்காகத்தான். ‘ஹீல் அண்ட் டோ’ என்று யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. அன்றைக்குப் பழகியவர்களுக்குக் காரும் ட்ராக்கும்தான் வீடியோ.

அதே காலகட்டத்தில், 1989-ல், ஃபெராரி ஃபார்முலா ஒன் காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்து விரலால் கியர் மாற்றும் முறை வந்தது. பிரேசில் பந்தயத்தில் நைஜல் மேன்சல் அதில் ஜெயித்தும் காட்டினார். உலகம் அங்கே போய்க்கொண்டிருக்க, இங்கே நம் பையன்கள் கிளட்ச் மிதித்து, லிவர் தள்ளிக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பின்தங்கிய மாதிரி தெரியலாம். ஆனால் எந்த வளைவுக்கு எந்தக் கியர், எப்போது மாற்றுவது என்கிற முடிவை எடுக்க வேண்டியது துடுப்பு வைத்த காரிலும் டிரைவர்தான்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் புது ட்ராக் திறந்தது. சோழவரம் மாதிரி பழைய ஓடுதளம் அல்ல. ரேஸுக்கென்றே போட்டது, 3.7 கிலோமீட்டர், விதவிதமான வளைவுகள். ஃபார்முலா மாருதிக்கு ஏற்ற இடம். நரேன் அங்கே ஓட்டி மேடையேறியபோது பள்ளிக்கூட வயதுதான். அப்புறம்தான் 1992-ல் பிரான்ஸில் உள்ள வின்ஃபீல்ட் ரேஸ் பள்ளிக்குப் போனார்.

தர்மபுரி மாவட்டத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

கரி காலத்தில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004-ல்தான் பிரிந்தது. அதுவரை ஓசூர் நம் தர்மபுரி மாவட்டம். மாருதிக்கு எஞ்சின் தொழில்நுட்பம் கொடுத்த அதே ஜப்பான் சுசூகி, அதே 1980-களில் ஓசூரில் டி.வி.எஸ்ஸோடு கைகோத்து இண்ட்-சுசூகி 100 சிசி பைக்கைக் கொண்டுவந்தது. டி.வி.எஸ் ரேஸ் அணி 1982-லேயே தொடங்கியது. காரில் கரி செய்ததுபோல, ரோட்டில் ஓடும் பைக்கையே ரேஸுக்குத் தயார் செய்தார்கள்.

கியர் விகிதத்தைத் தொட்டுப் பார்க்கணும் என்றால் பைக்கில்தான் பார்க்க முடியும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 3. ‘பிக்கப் வேணும்’ என்று முன்னால் 13 பல் போட்டால் 3.23. ஒரே ஒரு பல்தான், ஆனால் 60-ல் 5,000 சுற்று சுற்றிய எஞ்சின் இப்போது அதே 60-ல் சுமார் 5,400 சுற்று சுற்றும். இழுவை கூடும்; மைலேஜும் டாப் ஸ்பீடும் குறையும். மெக்கானிக் கடையில் இதைச் செய்யச் சொல்லும் தம்பிகள் இரண்டாவது பாதியையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு சம்பந்தம் சீரியஸானது. தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது தொப்பூர் இரட்டைப் பாலம், கட்டமேடு பகுதிகளில் எத்தனை விபத்துச் செய்தி படித்திருப்போம்! டீசல் மிச்சம் பண்ண நியூட்ரலில் இறக்குவது ஒரு காரணம் என்று போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஏற்றத்தில் இழுவை கொடுக்கும் அதே கியர்தான் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கியரில் இருக்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே பிரேக். நியூட்ரல் போட்டால் அந்தப் பிடி அறுந்துபோகும். லோடு முழுக்கப் பிரேக் டிரம் மேல் இறங்கி, சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினையும் ஆஃப் செய்தால் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறுவதும் நின்றுவிடும்.

மிச்சமாவது ஆகிறதா? அதுவும் இல்லை. இப்போது வரும் எலெக்ட்ரானிக் எஞ்சின்களில், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது டீசல் செலவாகும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுப்பது இன்றைக்கும் சரிதான். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் ‘எல்’ அல்லது மேனுவல் மோடில் போட்டு இறங்கலாம்.

1995 ஆகஸ்ட் 24

கரிக்குக் கார் மட்டும் போதவில்லை, பறப்பதிலும் பித்து. 1995 ஆகஸ்ட் 24 அன்று நடந்த சிறிய விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது நரேனுக்கு 18 வயது.

அவர் போனதோடு எல்லாம் நின்றிருக்கலாம். ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் ஓடிய வேலை அப்படி நிற்பதுதான் வழக்கம். நிற்காததற்குக் காரணம் கோவையே. பைக் செயின் தயாரிக்கும் எல்.ஜி.பி நிறுவனத்தின் பி.விஜயகுமார், கரியின் நண்பர். ஒற்றை சீட் கார் கட்டும் வேலை அங்கே தொடர்ந்தது. எல்.ஜி.பி பெயரிலேயே ஃபார்முலா கார்கள் வந்தன. மாருதி 800 எஞ்சின் இருந்த இடத்தில் 1,300 சிசி ஸ்விஃப்ட் எஞ்சின் வந்தது. கம்பெனிக் காரின் எஞ்சினை எடுத்து ரேஸ் சட்டத்தில் பொருத்துவது என்கிற வழி மட்டும் மாறவில்லை.

கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 2003-ல் ஒரு ரேஸ் ட்ராக் திறந்தார்கள். சுமார் 2 கிலோமீட்டர்தான். நேர்ரோடு குறைவு, வளைவு அதிகம். குதிரைத்திறனைக் காட்ட அங்கே பெரிதாக இடமில்லை, கையும் காலும்தான் வேலை செய்ய வேண்டும். அதன் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே.